ஆர்எஸ்எஸ் ஃபீடில் ஒரு வகையை மட்டும் மறைப்பது எப்படி?
ஹட்டனில் இருந்து வேர்ட்பிரஸ்ஸில் ஒரு சின்னத் தளம் நடத்துகிறேன், தோட்டத்துச் செய்திகள், அதோடு மரண அறிவித்தல்களும். தளத்தின் புதுப் பதிவுகளை வாசகர்களுக்குத் தானாகக் கொண்டுபோகும் பொது ஃபீடில் மரணச் செய்திகள் வேண்டாம் என்று (காலையிலேயே அதுவா என்கிறார்கள் வாசகர்கள், நியாயம்தான்) மூன்று நாளைக்கு முன் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ப்ரீ_கெட்_போஸ்ட்ஸ் ஹூக் (பதிவுகளை எடுக்குமுன் நம் கோடை ஓடவிடும் இடம்) போட்டு, இஸ்_ஃபீட் என்றால், அதாவது கேட்பது ஃபீட் என்றால், அந்த வகையின் எண்ணை விலக்கும்படி கழித்தல் குறியோடு கொடுத்தேன். பொது ஃபீட் சரி. ஆனால் மரண அறிவித்தல் வகைக்கென்று இருக்கிற தனி ஃபீடும் சேர்ந்து காலியாகிவிட்டது, கொழும்பில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

கேஷ் அழித்தேன், பிளகின் எல்லாம் நிறுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை. வேர்ட்பிரஸ்ஸின் வாசிப்பு அமைப்பில் (ரீடிங் செட்டிங்ஸ்) ஃபீடுக்கு எத்தனை பதிவு, முழுசா சுருக்கமா என்பதற்குத்தான் வழி இருக்கிறது. நான் சேர்த்த கோட் வரிகளை எடுத்துவிட்டால் இரண்டு ஃபீடும் பழையபடி வருகிறது.

பொது ஃபீடில் மட்டும் அந்த வகையை நீக்கி, தனி ஃபீடைத் தொடாமல் விட என்ன நிபந்தனை சேர்க்க வேண்டும்?