லாக் நிலைகளை நான்காகக் குறைத்த கதை

எங்கள் கட்டணச் சேவை ஜாவா, பைத்தான், கோ ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்ட பதினொரு சிறு சேவைகளால் ஆனது. நிரல் இயங்கும்போது எழுதிவைக்கும் பதிவே லாக்; ஒவ்வொரு வரியும் எவ்வளவு அவசரம் என்று குறிப்பது அதன் நிலை. எந்தச் செய்தி எந்த நிலையில் பதிவாக வேண்டும் என்பது, சென்ற ஆண்டு வரை, அதை எழுதியவரின் மனநிலையைப் பொறுத்தே இருந்தது. ஜாவாவோடு வரும் நூலகத்தில் மிகக் கடுமையான சிவியர் முதல் மிக நுணுக்கமான ஃபைனஸ்ட் வரை ஏழு நிலைகள் உள்ளன. ஃபைனருக்கும் ஃபைனஸ்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் எங்களில் எவரிடமும் பதில் இல்லை. பைத்தானில், பிழை தேட உதவும் நுணுக்க விவரமான டீபக் 10 முதல் கிரிட்டிக்கல் 50 வரை ஐந்து. கோ மொழியின் பதிவு நூலகமான எஸ்லாகில் நான்கு. அங்கு சாதாரணத் தகவலான இன்ஃபோவின் மதிப்பு 0, பிழையான எரரின் மதிப்பு 8.

இவை அனைத்தும் போய்ச் சேர்ந்த, பதிவுகளைத் திரட்டும் பொது முறையான சிஸ்லாகிலோ வரிசை தலைகீழ்: 0 என்றால் பேரவசரம், 7 என்றால் டீபக். புதிய கோ சேவை ஒன்று நிலையை எண்ணாக மட்டும் அனுப்பியதால், ‘பயனர் உள்நுழைந்தார்’ என்ற சாதாரண வரிகளெல்லாம் பேரவசரமாகப் பதிவாகி, பணிமுறையில் இருந்தவரின் கைப்பேசி ஒரு மணி நேரம் ஓயாமல் ஒலித்தது. 8 என்று வந்த உண்மையான பிழைகள் அளவுகோலுக்கு வெளியே இருந்ததால் எங்கும் பதிவாகவில்லை என்பதை மறுநாள்தான் கண்டோம்.

அதன்பின் எரர், வார்ன் (எச்சரிக்கை), இன்ஃபோ, டீபக் என நான்கை மட்டும் வைத்துக்கொண்டோம். சேவையையே நிறுத்திவிடும் பிழைக்கான ஃபேட்டலை எரரோடு சேர்த்ததை மூத்தவர் ஒருவர் எதிர்த்தார். ஜாவாவில் பரவலாகப் பயன்படும் எஸ்எல்எஃப்4ஜே பதிவு நூலகத்திலேயே அந்த நிலை கிடையாது என்று காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். எண்களுக்கு, மொழி எதுவானாலும் பொருந்தும் பொதுத் தரமான ஓப்பன்டெலிமெட்ரியின் வரையறையை எடுத்தோம்: டீபக் 5, இன்ஃபோ 9, வார்ன் 13, எரர் 17.

பெயர் மாற்றம் ஒரு வாரத்தில் முடிந்தது. பொருள் மாற்றத்துக்கு நான்கு மாதங்கள் ஆயின. ‘எரர்: வங்கி பதில் தரவில்லை, மறுமுயற்சி 1/3’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அடுத்த நொடியே இரண்டாம் முயற்சி வென்றுவிடும். ஆகவே இடைத்தோல்விகள் டீபக், இரண்டாம் அல்லது மூன்றாம் முயற்சியில் வென்றால் வார்ன், மூன்றும் தோற்றால் மட்டுமே எரர் என்று வகுத்தோம். ஒருவர் எழுந்து ஏதேனும் செய்தாக வேண்டும் என்றால்தான் அது எரர்.

மறுமொழி 1

வார்னையும் நீக்கியிருக்கலாம் என்பது என் கருத்து. எங்கள் குழுவில் வார்ன் வரிகளை எவரும் திறந்து பார்த்ததில்லை. முடிவெடுக்கத் தயங்கியவர்கள் ஒதுங்கும் திண்ணையாகவே அந்த நிலை இருந்தது.

மறுமொழி 2

நிலைகளைச் சீராக்கியும் எங்களுக்குப் பயன் கிட்டவில்லை. சேவைகள், லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டியின்கீழ் இயங்கின. திரைக்கு எழுதப்படும் எந்த வரியையும், அது பிழை வெளியீட்டில் வந்தாலும், சிஸ்டம்டி இயல்பாக இன்ஃபோ என்றே தன் பதிவேடான ஜர்னலில் குறிக்கிறது. அதனால் பிழைகளை மட்டும் வடிகட்டிக் கேட்டபோது ஜர்னல் வெறுமையாக இருந்தது. ஆனால் அன்று காலை கிடங்குத் தரவுத்தளம் விழுந்தே கிடந்தது. வரியின் தொடக்கத்தில் ‘<3>’ என்று சேர்த்தால் சிஸ்டம்டி அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று எழுத்துகளைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாட்கள் பிடித்தன.