ஐந்து வயதுப் பையனையும் கைக்குழந்தையையும் 5 கிலோமீட்டர் நடை-ஓட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா?

இரண்டு வாலு அம்மா:
வாராவாரம் காலையில் நடக்கும் 5 கிலோமீட்டர் நிகழ்ச்சி. கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது. நடக்கிறவர் நடக்கலாம், ஓடுகிறவர் ஓடலாம். சின்னவள் வயிற்றில் வரும்வரை தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். மறுபடி போக ஆசையாக இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அந்த நேரத்தில் வேலை. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை.

பெரியவனுக்கு ஐந்து வயது. வீட்டுக்குள் ஒரு நிமிடம் உட்கார மாட்டான், ஆனால் வெளியே நடக்கச் சொன்னால் தெருமுனை தாண்டுவதற்குள் "தூக்கு" என்பான். சின்னவளுக்கு ஏழு மாதம். அவளை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடலாமா, அல்லது மார்போடு கட்டிக்கொள்வது நல்லதா? வேகமாக ஓடுகிறவர்களுக்கு நாங்கள் இடைஞ்சலாக இருப்போமோ என்ற கூச்சமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மெதுநடை:
தாராளமாகப் போங்கள். பிள்ளைகள் வருவதை யாரும் குறை சொல்லி நான் பார்த்ததில்லை. முன்வரிசையில் மட்டும் நிற்காதீர்கள்.

கடைசி ஆள்:
இதுபோன்ற நிகழ்ச்சியில் எல்லாருக்கும் பின்னால் நடந்து வரும் தன்னார்வலர் நான். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் என் வேலை. அதனால் தூக்கச் சொல்லும் பிள்ளைகளெல்லாம் கடைசியில் என் கண் முன்னால்தான் வந்து சேர்வார்கள். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், சகோதரி.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளையோடு போகிற நாள் பிள்ளையின் நாள். உங்கள் பழைய நேரத்தை எட்ட வேண்டும் என்ற நினைப்பும் பையனும் ஒரே தடத்தில் ஒத்துப்போக மாட்டார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மகனை இழுத்துக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வருவதில்லை.

ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சீராக ஓடத் தெரியாது. கொடி அசைந்ததும் பாய்வான், கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கி அப்படியே நின்றுவிடுவான். நிற்பது பிரச்சினையில்லை, நடுப்பாதையில் நிற்பதுதான் பிரச்சினை. பின்னால் வருகிறவரின் கண் அவன் தலைக்கு மேலே இருக்கும், முழங்கை அவன் முகத்துக்கு நேராக இருக்கும். "களைத்தால் ஓரத்துக்குப் போய் நில்" என்பதை வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள். புறப்படும்போது கூட்டம் முழுக்க நகர்ந்த பிறகு கிளம்புங்கள்.

பல நாடுகளில் வாராவாரம் இலவசமாக நடக்கும் பார்க்ரன் என்ற 5 கிலோமீட்டர் நிகழ்ச்சி 2004-ல் லண்டன் புஷி பூங்காவில் தொடங்கியது. அதில் 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, கூட வரும் பெரியவரின் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. "கண்ணில் பட்டால் போதும்" என்று அதற்குப் பொருள் இல்லை. உங்கள் ஊர் நிகழ்ச்சியில் விதி வேறாக இருந்தாலும் இதையே பிடித்துக்கொள்ளுங்கள். 4 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கென்றே அவர்கள் 2 கிலோமீட்டர் ஓட்டமும் தனியாக நடத்துகிறார்கள். பெரியவனுக்கு அந்தத் தூரம்தான் சரி. 5 கிலோமீட்டர் என்பது அவன் காலுக்கு நிறைய.

அப்புறம், முடிவுக்கோடு. அங்கே ஒருவர் கடப்பவர்களை எண்ணி நேரம் குறிப்பார், இன்னொருவர் வரிசைப்படி டோக்கன் கொடுப்பார். பதிவு செய்யாத பிள்ளை குறுக்கே புகுந்து ஓடினால் ஒரு எண் கூடிவிடும், அவனுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரின் நேரமும் இடம் மாறிவிடும். பாதியில் சேர்ந்தாலோ குறுக்கு வழியில் வந்தாலோ கயிறு கட்டிய பாதைக்கு வெளியே நடந்து வாருங்கள். டோக்கன் கிடைத்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் அவனிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அங்கே நடக்கும் அழுகை இருக்கிறதே, அது தனிக் கச்சேரி.

இடைஞ்சல் என்று கூச்சப்படவே வேண்டாம். நீங்கள் கடைசியாக வந்தால் என்னைப் போன்ற ஒருவர் உங்களோடு பேசிக்கொண்டே வருவார். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

மூன்று சக்கரம்:
சின்னவளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மார்போடு கட்டிக்கொண்டு ஓடவே ஓடாதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் குழந்தையின் தலை குலுங்கும், நீங்கள் இடறினால் அவள்மேல்தான் விழுவீர்கள். நடப்பதற்கு மட்டும் கட்டிக்கொள்ளலாம்.

ஸ்ட்ரோலரில் வைத்து ஓட, குழந்தைக்குக் குறைந்தது 6 மாதமாவது ஆக வேண்டும் என்பார்கள். இன்னும் சில மாதம் பொறுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. வயதைவிட, கழுத்து நன்றாக நின்று, பிடிக்காமல் உட்காருகிறாளா என்பதுதான் முக்கியம். குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வண்டியும் ஓட்டத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். பெரிய சக்கரங்கள், ஓடும்போது முன்சக்கரம் திரும்பாதபடி பூட்டும் வசதி, கைப்பிரேக், மணிக்கட்டில் மாட்டும் பட்டை. சாதாரணத் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் ஒரு கல்லில் மாட்டினால் வண்டி அப்படியே குப்புறக் கவிழும்.

வெயில் என்று மேலே துணியைப் போர்த்தி மூடாதீர்கள், காற்றில்லாமல் உள்ளே சூடு ஏறிவிடும். குளிர்ந்த காலை என்றால் நேர்மாறு: ஓடுகிற உங்களுக்கு வியர்க்கும், அசையாமல் கிடக்கும் அவளுக்குக் குளிரெடுக்கும். அவள் பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

உங்களுக்கும் ஒன்று. ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிறு கனத்தாலோ "போகப் போகச் சரியாகும்" என்று விடாமல் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். குணமாக்கக்கூடிய விஷயம் அது.

இரண்டு வாலு அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பெரியவனைக் கை எட்டும் தூரத்தில் எப்படி வைப்பது? பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால்?

கடைசி ஆள்:
இரண்டு பேரையும் நீங்கள் ஒருவரே பார்ப்பதென்றால் ஓட்டத்தை மறந்துவிட்டு நடங்கள், அவன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரட்டும். பாதை சுற்றுச் சுற்றாக இருந்தால் இன்னும் வசதி, ஒரு சுற்று முடிந்ததும் விலகி வந்துவிடலாம். உட்கார்ந்துவிட்டான் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். என்னைப் போல் பின்னால் வருகிறவரிடம் "நாங்கள் விலகிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் கணக்கில் ஆள் குறைகிறதே என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

போவதற்கு முன் நடத்துகிறவர்களிடம் ஸ்ட்ரோலருக்கு அனுமதி உண்டா, தடத்தில் படிக்கட்டு, சேறு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கழிப்பறை எங்கே என்பதையும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவசரம் சரியாகப் புறப்படும் நேரத்தில்தான் வரும்.