கத்திரி வெயிலில் உங்கள் தோட்டத்துக்கு என்ன ஆனது?

நிலக்கோட்டை மல்லி:
போன சித்திரையில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பங்குனி பிறந்தாலே செடி பூவாகக் கொட்டும், விலை படுத்துவிடும், தெரிந்ததுதான். பனிக்காலத்தில் கிலோ ஆயிரங்களில் போவதும் இதே பூதான். அன்று வண்டி வர நேரமாகிவிட்டது. கமிஷன் கடையில் சாக்கைப் பிரித்ததும் உள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது. கடைக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். மொட்டு வெளுப்புப் போய் மங்கியிருந்தது. "கட்டுறதுக்கு ஆகாதுண்ணே, சென்ட் கம்பெனிக்குத்தான் போகும்" என்றார். அவர் சொன்ன விலை பறிகூலிக்கே காணவில்லை. விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு பறித்த பெண்கள் கூலிக்குக் காத்திருந்தார்கள்.

தாம்பரம் மாடித்தோட்டம்:
எனக்குத் தக்காளி. செடி நிறையப் பூ, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. மத்தியானம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பூ, காம்பில் கணு மாதிரி இருக்குமே, சரியாக அந்த இடத்தில் கழன்று விழுந்தது. காற்றுகூட இல்லை. நர்சரியில் கேட்டால் டானிக் பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்கள். அவர்களுடைய நாற்றுத் தட்டுகளே பாதி கருகிக் கிடந்தன. பாவம், மே மாதத்தில் நாற்று வாங்க யார் வருகிறார்கள்?

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
எங்களைக் கவிழ்ப்பது வெயிலை அடுத்து வரும் காற்று. பெங்களூரா ரக மாங்காய் முற்ற இன்னும் கொஞ்ச நாள்தான், கூழ் ஃபேக்டரிக்குப் பேசி வைத்திருந்தேன். சாயங்காலம் வானம் கறுத்தது, சூறைக்காற்றோடு ஆலங்கட்டி. நின்ற பிறகு போனால் கால் வைக்க இடமில்லாமல் காய். தோப்புக்காரரும் நானும் செல்போன் வெளிச்சத்தில் பொறுக்கினோம். குத்தகைப் பணத்தில் பாக்கி இருந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அடிபட்ட காயை ஊறுகாய்க்காரர்கள்தான் எடுப்பார்கள், அவர்கள் வைத்ததே விலை.

கோவை ரோஜாப்பிரியன்:
எங்கள் வீட்டு ரோஜாவும் போன கோடையில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோனது. அது இருக்கட்டும். நிலக்கோட்டை அண்ணா, விலை விழுந்ததற்கு வெயிலைச் சொல்லாதீர்கள். மல்லிக்கு வெயில்தான் உயிர். கார்த்திகையில் ஊரே சேர்ந்து கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் பூவும் சேர்ந்துதானே வரும்? பாத்தி பாத்தியாகத் தள்ளி வெட்டுங்கள்.

தாம்பரம் அக்கா, டானிக் வாங்காதீர்கள். 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளி மகரந்தம் கெட்டுவிடும், ராத்திரியும் புழுங்கினால் காய் பிடிக்கவே பிடிக்காது. அதற்கு பாட்டிலில் மருந்து இல்லை. 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். பையைத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள், அடியிலிருந்து ஏறும் சூடுதான் வேரை வேகவைக்கிறது. மேலே காய்ந்த இலையால் மூடாக்கு. தண்ணீர் காலையிலேயே ஊற்றிவிடுங்கள். சாயங்காலம் ஊற்றினால் ஹோஸில் முதலில் வரும் வெந்நீரை வெளியே விட்டுவிட்டு ஊற்றுங்கள். இலைக்கடியில் செம்பேன் இருக்கிறதா என்று பாருங்கள், இந்தக் காய்ந்த வெயிலில்தான் அது பெருகும். தக்காளியை ஆடியில் போடுங்கள். கோடைக்கு வெண்டையும் கொத்தவரையும் போதும்.

நிலக்கோட்டை மல்லி:
தம்பி, சித்திரைத் திருவிழாவுக்கும் வைகாசி முகூர்த்தத்துக்கும் பூ வேண்டும் என்றுதான் கார்த்திகையில் வெட்டுகிறோம். தள்ளி வெட்டி முகூர்த்தத்தைத் தவறவிட்டால் யார் தருவார்கள்? நான் சொன்னது ஊர் விலையை இல்லை. அன்று அதே கடையில் முன்னால் வந்த பூ என் பூவைவிட நல்ல விலைக்குப் போனது. என் பூ செடியில் கெடவில்லை, சாக்குக்குள் கெட்டது. ஈரச்சாக்கும் பாதி வழியிலேயே காய்ந்துவிட்டது. பறிக்கிற ஊரிலேயே ஒரு குளிர் அறை இருந்தால் அந்தப் பெண்களுக்கு அன்றைக்கே முழுக்கூலி கொடுத்திருப்பேன்.

தாம்பரம் மாடித்தோட்டம்:
கோவை அண்ணா, செங்கல் ஏற்றிவிட்டேன். நிழல்வலையை எதில் கட்டுவது? மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. போச்சம்பள்ளிக்காரர் சொல்கிற மாதிரி காற்று அடித்தால் நிற்குமா?