12 வயதுப் பெண்ணுக்கு முதல் வேட்டை ரைஃபிள்: .243 போதுமா, .308 வாங்கலாமா?

ஓடைக்கரை:
அண்ணன் மகளுக்கு 12 வயது. மெலிந்த உடம்பு, உயரமும் குறைவு. வருகிற பருவத்தில் மான் வேட்டைக்கு உரிமம் கிடைத்திருக்கிறது. நான் கூடவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவளுக்கென ஒரு போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும்) ரைஃபிள் வாங்கப்போகிறேன். தோட்டா .243 வின்செஸ்டர் (எண் கேலிபர், அதாவது குண்டின் விட்டம், அங்குலத்தில்) என்கிறார்கள் பாதிப் பேர். .308 வாங்கினால் வளர்ந்த பிறகும் உதவும் என்கிறார்கள் மற்றவர்கள். தூரம் 150 மீட்டரைத் தாண்டாது. காற்றுத் துப்பாக்கியைத் தவிர அவள் வேறு எதையும் சுட்டதில்லை.

பழங்குழல்:
.308. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? .243 கைதேர்ந்தவர்களின் தோட்டா. 6.5 கிராம் குண்டு நெஞ்சுக்கூட்டின் நடுவே போனால் மான் விழும். கொஞ்சம் தள்ளித் தோள் எலும்பில் பட்டால் காயத்தோடு ஓடிவிடும். சிறிய துளையில் இரத்தம் அதிகம் வடியாது. பொழுது சாய்ந்த பிறகு அந்தத் தடத்தை யார் தேடுவது? பிழை செய்யக்கூடியவளிடம் போய்ப் பிழை பொறுக்காத தோட்டாவைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

நிழற்புலி:
ஐயா, இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1952-இல் வந்த .308-இன் பித்தளைத் தோட்டாக் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கித்தான் 1955-இல் .243-ஐச் செய்தார்கள். வேறுபாடு தெரிவது சுடுபவரின் தோளில். 3.4 கிலோ ரைஃபிளில் .243-இன் உதை ஏறக்குறைய 12 ஜூல், .308-இன் உதை 21 ஜூல். வயிற்றில் பட்ட மானை .308-உம் கிடத்திவிடாது. குண்டு ஏன் தள்ளிப் படுகிறது என்று கேளுங்கள். உதைக்குப் பயந்த விரல் விசையை வெடுக்கென்று இழுக்கிறது, அதனால்தான்.

பழங்குழல்:
காகிதக் கணக்கு! மான் எதிரே நிற்கும்போது உதையை எவர் உணர்ந்தார்? தவிர, உதை குறைத்த .308 தோட்டாக்கள் கடையில் கிடைக்கின்றன. இப்போது அவற்றைப் போடட்டும், 16 வயதில் முழுத் தோட்டாவுக்கு மாறட்டும். ரைஃபிள் ஒன்றே போதும்.

பயிற்சித்திடல்:
சிறுவர் சிறுமியருக்குக் குறிபார்க்கக் கற்றுத்தருபவள் நான். மான் முன்னால் உதை தெரியாது என்று ஐயா சொல்வது உண்மைதான். ஆனால் கெடுதல் காட்டில் தொடங்குவதில்லை, அதற்குப் பல வாரங்கள் முன்பே பயிற்சித் திடலில் தொடங்கிவிடுகிறது. ஐயம் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். பிள்ளைக்குத் தெரியாமல் ரைஃபிளின் மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைச் செருகுங்கள். அந்த முறை விசையை இழுத்ததும் வெடிக்காது, ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வரும். அப்போது குழல் முனையைப் பாருங்கள். மிரட்சி இல்லாத பிள்ளையிடம் அது அசையாமல் நிற்கும். மிரண்ட பிள்ளையிடம் முனை சட்டென்று கீழே குத்தும், கண் இறுக மூடும், வலது தோள் முன்னால் தள்ளும். வெடித்தபோதெல்லாம் இதேதான் நடந்திருக்கும், உதை அதை மறைத்துவிட்டது. இந்தப் பழக்கம் ஒரு நாளில் ஒட்டிக்கொள்ளும், போக மாதங்கள் ஆகும்.

இன்னொன்று. நீங்கள் எல்லாரும் தோட்டாவைப் பற்றியே பேசுகிறீர்கள், தோளில் பதியும் கட்டையின் நீளத்தை ஒருவரும் கேட்கவில்லை! பெரியவர்களுக்கான ரைஃபிளில் விசையிலிருந்து கட்டையின் அடிவரை 34, 35 செ.மீ. இருக்கும். 12 வயதுப் பிள்ளை அதைத் தூக்கினால் இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்வாள், முன்கை விறைத்துவிடும், கன்னம் கட்டையில் படியாது. பிறகு ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) கறுப்பு வட்டம்தான் தெரியும். சரியாகப் பார்க்கக் கழுத்தை நீட்டுவாள், உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை அந்த மடிப்பில் வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையில் இயல்பாகப் படிய வேண்டும். படியவில்லை என்றால் கேலிபர் எதுவானாலும் அந்த ரைஃபிள் வேண்டாம்.

கள்ளிக்காடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். .223 போதாதா? உதையே இல்லையே.

நிழற்புலி:
போதாது என்று சட்டமே சொல்லும் இடங்கள் உண்டு. இங்கிலாந்தில் பெரிய வகை மான்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறைந்த விட்டம் கூடாது. முதலில் உங்கள் இடத்து விதியைப் பாருங்கள்.

பழங்குழல்:
கட்டையைப் பற்றி அம்மா சொன்னதற்கு மறுப்பில்லை. ஆனால் சிறுவர் ரைஃபிள் என்று கடையில் நீட்டுவதெல்லாம் 2.5 கிலோ எடையில் இருக்கிறது. அதே தோட்டாவை அதில் சுட்டால் உதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். .243-இன் 12 ஜூல் 16 ஆகிவிடும். நிழற்புலியின் கணக்கு என்னவாயிற்று?

நிழற்புலி:
அப்படியானால் .308-க்கு 28 ஆகும். என் கணக்குக்கு ஒரு கேடும் இல்லை.

பழங்குழல்:
சரி, நடுவழி சொல்கிறேன். 7 மி.மீ.-08 ரெமிங்டன். 1980-இல் வந்தது, அதுவும் .308 கூட்டிலிருந்து பிறந்ததுதான். 9 கிராம் குண்டு, உதை இரண்டுக்கும் நடுவே. .243-க்கு மட்டும் நான் தலையாட்ட மாட்டேன்.

பயிற்சித்திடல்:
7 மி.மீ.-08 நல்ல தோட்டா, மறுக்கவில்லை. 14 வயதுப் பையன் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். காற்றுத் துப்பாக்கி மட்டும் பிடித்த மெலிந்த பெண்ணுக்கு .243, அதுவும் 3 கிலோவுக்குக் குறையாத ரைஃபிளில், குட்டைக் கட்டையோடு. அதற்கு முன்னால் ஒரு .22 எல்ஆர் (‘லாங் ரைஃபிள்’ என்ற சிறு தோட்டா) ரைஃபிள். 1887-இலிருந்து பிள்ளைகள் அதில்தான் பழகுகிறார்கள். மானுக்கு அது ஆகாது, கைக்கு ஆகும். நூற்றுக்கணக்கில் சுட்டாலும் தோள் நோகாது. விளையாட்டுச் சாமான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அந்தச் சிறு குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். இலக்கின் பின்னால் மண்மேடு இல்லாமல் சுட விடாதீர்கள்.

ஓடைக்கரை:
நன்றி. அளந்து பார்த்தேன், அவள் கைக்கு 30 செ.மீ.தான் சரிவருகிறது. அடியில் வளையத் துண்டுகள் சேர்த்து நீட்டக்கூடிய கட்டையுடன் ஒரு .243 பார்த்திருக்கிறேன், எடை 3.1 கிலோ. கடைக்காரர் குழல் முனையில் உதை குறைக்கும் பிரேக் மாட்டித்தருவதாகச் சொல்கிறார். மாட்டலாமா?

பயிற்சித்திடல்:
வேண்டாம். உதை குறையும், ஆனால் வெடிக்காற்று பக்கவாட்டில் திரும்பி ஓசை அவள் காதுக்கும் உங்கள் காதுக்கும் வரும். 140 டெசிபலுக்கு மேல் ஒரு வெடி போதும், காது பழுதாக. இந்த ரைஃபிள்கள் பிரேக் இல்லாமலே 150-ஐத் தாண்டும். ஓசைக்கு மிரளும் பிள்ளைகள் உதைக்கு மிரள்பவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். காதடைப்பான், அதன் மேல் காதுமூடி, இரண்டும் போடுங்கள்.

பழங்குழல்:
வாங்குவது என்று முடிவாகிவிட்டது, சரி. தோட்டாவையாவது பார்த்து வாங்குங்கள். .243-இல் 55 கிரெய்ன் (3.6 கிராம்) குண்டும் விற்கிறார்கள். அது சிறு பிராணிகளுக்கானது, மானின் தோளில் பட்டதும் மேலேயே சிதறிவிடும். பெட்டியில் 100 கிரெய்ன் (6.5 கிராம்) என்று அச்சடித்திருக்க வேண்டும். 150 மீட்டர் என்பதையும் மறந்துவிடுங்கள். அது உங்கள் தூரம்.

நிழற்புலி:
இந்த முறை ஐயாவோடு உடன்படுகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சித்திடல்:
தூரத்தை அவளே காட்டட்டும். ஒரு சாண் அகல வட்டத்தைத் தாளில் வரையுங்கள், மானின் நெஞ்சில் உயிர்நிலை ஏறக்குறைய அவ்வளவுதான். மேசையின் மேல் சாய்த்து அல்ல, காட்டில் சுடப்போகிற அதே நிலையில் உட்கார்ந்து ஐந்து குண்டுகள். 50 மீட்டரில் ஐந்தும் உள்ளே விழுந்தால் 75-க்குப் போங்கள். ஒன்று வெளியே போனால் முந்தைய தூரம்தான் இந்தப் பருவத்துக்கு.