ஜப்பான் வெந்நீர் ஊற்று ஊர்: அப்பா அம்மாவோடு போக எது தோது?

காட்பாடி ஜங்ஷன் கேட்டது:

காலாண்டு லீவில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். ஒசாகாவில் இறங்கி, கியோட்டோ பார்த்துவிட்டு, இரண்டு ராத்திரி மட்டும் ஏதாவது ஒரு ஒன்சென் (வெந்நீர் ஊற்று) ஊரில், பழைய பாணி ரியோகான் விடுதியில் தங்கலாம் என்று எண்ணம். படங்களைப் பார்த்ததில் குசாட்சுதான் மனசில் நிற்கிறது. அப்பாவுக்கு 66 வயது, பிபி மாத்திரை போடுகிறார். அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மெட்டியைக் கழற்ற மாட்டார், முன்கையில் பச்சை குத்தியிருக்கிறார். பையனுக்கு 7 வயது. துணியில்லாமல்தான் இறங்கணும் என்கிறார்களே, அம்மாவும் மனைவியும் அதைக் கேட்டதிலிருந்து தயங்குகிறார்கள். குசாட்சு சரிப்படுமா, வேறு ஊரா? சாப்பாட்டுக்கு என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:

ஊரைப் படத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள் சார், தண்ணீரை வைத்து முடிவு பண்ணுங்கள். ஒன்சென் எல்லாம் ஒரே வெந்நீர் இல்லை. 1948-இல் வந்த ஜப்பானியச் சட்டப்படி, பூமியிலிருந்து வரும் நீர் 25 டிகிரிக்குக் குறையாமல் இருந்தாலோ, பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறித்த அளவு கலந்திருந்தாலோ அது ஒன்சென். அதனால் ஒரு ஊரில் உப்புநீர், இன்னொரு ஊரில் இரும்புநீர், வேறொன்றில் கந்தகம். நீர் எந்த வகை, யார் இறங்கக் கூடாது என்று எழுதிய பலகையை ஒவ்வொரு குளியல் கூடத்திலும் மாட்டியிருப்பார்கள், அதுவும் சட்டம்தான்.

குசாட்சு நீர் பிஎச் 2 அளவுக்குக் கடும் அமிலம், கூடவே கந்தகம். சின்னக் கீறல் இருந்தாலும் எரியும். கையால் கண்ணைக் கசக்கினால் பையன் அழுதுவிடுவான். வெள்ளி சில நிமிடத்திலேயே கறுக்க ஆரம்பிக்கும், முத்து வைத்த நகையின் மேல்பூச்சை அமிலம் அரித்துவிடும். பொது ஊற்றுத் தொட்டிகள் பெரியவர்களே "ஸ்ஸ்" என்று காலை எடுக்கும் சூட்டில் இருக்கும். தூரமும் சேராது. அது டோக்கியோவுக்கு வடமேற்கே குன்மா மாகாணத்தில் இருக்கிறது. டோக்கியோவின் உவேனோ ஸ்டேஷனிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் நாகனோஹரா-குசாட்சுகுச்சிக்கு இரண்டரை மணி நேரம், அப்புறம் பஸ்ஸில் 25 நிமிடம். ஒசாகாவிலிருந்து என்றால் ஒரு பகல் முழுக்கப் பயணத்திலேயே போய்விடும்.

உங்களுக்கு கினோசாகி. ஹியோகோ மாகாணத்தில் ஜப்பான் கடல் பக்கம். ஷின்-ஒசாகாவிலிருந்து 'கொனோதோரி' எக்ஸ்பிரஸில் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி, கியோட்டோவிலிருந்து 'கினோசாகி' எக்ஸ்பிரஸில் இரண்டரை மணி. கன்சாய் வைடு ஏரியா பாஸ் என்ற ரயில் பாஸ் தொடர்ந்து ஐந்து நாளுக்குச் செல்லும். விமான நிலையத்து ஹருகா ரயிலும் இந்த எக்ஸ்பிரஸ்களும் அதற்குள் அடங்கும். நீரில் உப்பும் கால்சியமும்தான் பிரதானம். தெளிவாக இருக்கும், கந்தக நாற்றம் கிடையாது, அம்மாவின் மெட்டிக்கு ஆபத்தில்லை. ஊரே ஓடைக்கரையோரம் மேடு பள்ளம் அதிகமில்லாத ஒரு நீளத் தெரு, இரண்டு பக்கமும் வில்லோ மரங்களின் கிளைகள் தொங்கும். அதில் ஏழு பொதுக் குளியல் கூடங்கள். ஊருக்குள் எந்த விடுதியில் தங்கினாலும் ஏழுக்கும் சேர்த்து இலவச பாஸ் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் விடுமுறை, அன்றைக்கு எவையெல்லாம் திறந்திருக்கும் என்று அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பச்சை குத்தியவர்களை உள்ளே விடாத குளியல் கூடங்கள் ஜப்பானில் நிறைய உண்டு. கினோசாகியின் ஏழிலும் அந்தத் தடை இல்லை.

தேதி பார்க்கும்போது கவனம். செப்டம்பர் மூன்றாம் திங்களும் 23-ஆம் தேதி வாக்கிலும் அங்கே அரசு விடுமுறை. சனிக்கிழமை இரவு வாடகை ஏறும், ஞாயிறு முதல் வியாழன் வரை இறங்கும். ரியோகான் வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு சொல்வார்கள். குளியல் வரி தனி, பெரும்பாலும் பெரியவருக்கு ஓர் இரவுக்கு 150 யென். செப்டம்பர் புயல் மாசம். புயல் வந்தால் ரயிலை முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள், அதனால் விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு கினோசாகியில் இருக்காதீர்கள். பயணத்தின் நடுவில் வையுங்கள்.

குசாட்சுவைத் தள்ளிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். டோக்கியோ பக்கம் போகிறவர்கள் அவசியம் பார்க்கணும், அதிலும் நம் பாலாற்றுக்காரர்கள். குசாட்சுவில் ஓடும் ஆறு, ஊற்று அமிலம் கலந்து மீன்கூட வாழாமல் கிடந்தது. 1964-இலிருந்து சுண்ணாம்புக்கல் பாலைத் தினமும் ஊற்றி அமிலத்தை முறிக்கிறார்கள். அந்த நீர் போய்த் தேங்கும் ஷினாகி அணை வெளிர்பச்சையாக இருக்கும். இத்தனை வருஷமாக ஒரு நாள் விடாமல் ஓர் ஆற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

சத்துவாச்சாரி அக்கா:

தம்பி, துணியில்லாமல்தான். நீச்சலுடையும் கிடையாது. துணியோடு சோப்பும் அழுக்கும் தொட்டிக்குள் வந்துவிடும், தொட்டியோ எல்லாருக்கும் பொது. ஆண் பெண் கூடம் தனித்தனி. வாசல் திரை பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. சில விடுதிகளில் ராத்திரிக்கும் காலைக்கும் இரண்டு கூடத்தையும் மாற்றிவிடுவார்கள், நேற்று போன கதவுதானே என்று நுழையக் கூடாது.

அம்மாவுக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் 'காஷிகிரி' என்று கேளுங்கள். ஒரு குடும்பம் மட்டும் உள்ளே தாழ் போட்டுக் குளிக்கும் அறை அது. 45, 50 நிமிடக் கணக்கில் தருவார்கள். சில இடத்தில் காலியாக இருந்தால் சும்மா போகலாம், சில இடத்தில் பெயர் எழுதிக் காசு கட்டணும். சாப்பாட்டுக்கு முந்தைய நேரம்தான் முதலில் போகும், அதனால் மூணு மணிக்கு விடுதிக்குள் நுழைந்ததுமே கேட்டுவிடுங்கள். மாமியாரும் மருமகளும் ஒரு முறை, அப்பாவும் நீங்களும் பையனும் அடுத்த முறை என்று பிரித்துக்கொள்ளலாம். பொதுக் கூடத்துக்குப் போனால் பையன் ஆண்கள் பக்கம்தான். 2020-இல் அங்கே சுகாதார அமைச்சகம், சுமார் 7 வயதிலிருந்தே எதிர்ப்பாலர் கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று வழிகாட்டுதலை மாற்றிவிட்டது.

இறங்கும் முறை. துணியைக் கூடையில் வைத்துவிட்டு, சின்னத் துண்டு ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளணும். குட்டி ஸ்டூலில் உட்கார்ந்துதான் ஷவர். நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். நுரை ஒரு பொட்டு இல்லாமல் அலசணும், உட்கார்ந்த ஸ்டூலையும் சேர்த்து. நம் பெண்களுக்கு முக்கியமானது தலை எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு இறங்கினால் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கும், எல்லார் கண்ணும் உங்கள் மேல் இருக்கும். முந்தின நாளே எண்ணெயை நிறுத்துங்கள். தடவியிருந்தால் இரண்டு தடவை ஷாம்பு போட்டு, முடி தண்ணீரில் படாமல் உச்சியில் கொண்டை. முகத்துக்கு மஞ்சள் பூசுகிறவர்கள் அன்றைக்கு வேண்டாம், விடுதியின் வெள்ளைத் துண்டில் கறை போகாது. அப்புறம் தொட்டி நீரை மொண்டு பாதத்திலிருந்து மேலே ஊற்றிப் பழக்கிக்கொண்டு மெதுவாக இறங்கணும். துண்டை மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம், நீரில் நனைக்கக் கூடாது. ஏறும்போது அதே துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட்டுத்தான் துணி மாற்றும் அறைக்கு வரணும். மாதவிலக்கு நாளில் பொதுத் தொட்டி வேண்டாம், அறையிலிருக்கும் குளியலறை போதும்.

யுகாத்தா எனும் மெல்லிய பருத்தி அங்கியை உடுத்தும்போது இடது மடிப்பு மேலே வரணும். வலது மேலே என்பது அங்கே இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. கேத்தா எனும் கட்டைச் செருப்பின் வார் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஓடும்; சரியாக மெட்டி இருக்கும் இடம். பத்து எட்டு வைப்பதற்குள் மெட்டி சதையில் அழுந்திப் புண்ணாகிவிடும். அம்மா தன் சொந்தச் செருப்பிலேயே நடக்கட்டும்.

கிச்சிலி சம்பா:

சாப்பாடு. அங்கே "வெஜிடேரியன்" என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதினால் கறியும் மீனும் துண்டாக இல்லாத தட்டு வரும், ஆனால் சூப்பிலும் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். உலர்ந்த கட்சுவோ மீனைச் சீவி எடுக்கும் அந்தச் சாறுக்கு தாஷி என்று பெயர், மிசோ சூப்புக்கு அடித்தளமே அதுதான். ரூம் போடும்போதே இதை எழுதி அனுப்புங்கள்: "நிகு, சகானா, தமாகோ, கட்சுவோ தாஷி நுகி தே ஒனேகாய் ஷிமாசு". கறி, மீன், முட்டை, மீன் சாறு இல்லாமல் என்று அர்த்தம். கொம்பு என்னும் கடல்பாசிச் சாறு சைவம், அது பரவாயில்லை என்றும் சேர்த்து எழுதினால் சமையல்காரருக்கு வேலை எளிது. அன்றைக்குப் போய் நின்று சொன்னால் ஒன்றும் நடக்காது, சரக்கு முன்னாடியே வாங்கி வேலையை ஆரம்பித்திருப்பார்கள்.

முடியாது என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டாம். கடலோர ஊர், மீனும் நண்டும் மாட்டுக்கறியும்தான் அவர்கள் விருந்து. 'சுதோமாரி', அதாவது சாப்பாடில்லாத வாடகை எடுங்கள். ஏழு கூடத்துக்கான பாஸ் அப்போதும் உண்டு. இரவுக் கடைகள் சீக்கிரம் சாத்திவிடும், எனவே மாலையிலேயே வாங்கி வைக்கணும். 200 கிராம் வெந்த சாதம் டப்பாவில் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். ஊரிலிருந்து நல்லெண்ணெய் தூக்கலாக விட்டுக் காய்ச்சிய புளிக்காய்ச்சலை இறுக மூடிப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டால் புளிச்சாதம் ஆயிற்று. தயிருக்கு 'முதோ', அதாவது சர்க்கரை சேர்க்காத யோகர்ட். சிலவற்றில் ஜெலட்டின் சேர்ப்பார்கள், அட்டையைப் படமெடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், கறி சேர்ந்த எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். காய், பழம், இலைக்கு நம் நாட்டுத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறிமுதல். வீட்டு ரைஸ் குக்கரும் வேண்டாம். அங்கே 100 வோல்ட். நம்முடைய 230 வோல்ட் குக்கர் ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடத் தராது. பாய் விரித்த அறையில் சமைக்கவும் விடமாட்டார்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கினோசாகி என்று முடிவு செய்துவிட்டோம். அப்பாவின் பிபி பற்றி யாராவது சொல்ல முடியுமா? "கத்திரி வெயிலையே தாங்குகிறேன், 42 டிகிரித் தண்ணீர் என்ன பண்ணும்" என்கிறார்.

பாகாயம் நர்ஸ்:

அப்பாகிட்ட இதை அப்படியே காட்டுங்க. வேலூரில் 42 டிகிரி வெயிலில் நிற்கும்போது வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர வைக்கிறது. 42 டிகிரித் தண்ணீரில் கழுத்துவரை உட்கார்ந்தால் வியர்வை ஆவியாக வழியே இல்லை. சூடு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், ரத்தக் குழாய்கள் விரியும், மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். ஆபத்து தொட்டிக்குள் இருப்பதைவிட எழும்போது அதிகம். சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, தலை சுற்றி, ஈரக் கல்தரையில் விழுவார்கள்.

இருப்பதிலேயே சூடு குறைந்த, 40 டிகிரி வாக்கிலுள்ள தொட்டி. மார்புக்குக் கீழே மட்டும் நீர். முதல் முறை ஐந்து நிமிடம், எழுந்து விளிம்பில் உட்கார்ந்து ஆறிவிட்டு, மறுபடி ஐந்து. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகணும், பீர், சாக்கே குடித்துவிட்டு இறங்கவே கூடாது. முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர். ஏழு கூடத்தையும் ஒரே நாளில் முடித்துவிடும் ஆசை வேண்டாம், அவருக்கு நாளைக்கு இரண்டு போதும், தனியாக விடாதீர்கள். மார்பு வலி, மூச்சிரைப்பு இருந்தாலோ, சமீபத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தாலோ, கிளம்புமுன் அவருடைய டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

மாத்திரையைச் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கைப்பையில் வையுங்கள். சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு வரை அனுமதி உண்டு, அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கணும். சளி மருந்துகளைத் தனியாகப் பாருங்கள்: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ளவை ஜப்பானில் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.