வேல்யூவர் ஆபீஸ் போட்டா ஓடுமா?

சிவில் முடிச்சு 6 வருஷமா சைட்லதான் இருக்கேன், மதுரைல சொந்தமா ப்ராப்பர்டி வேல்யூவேஷன் பண்ணலாம்னு ஐடியா, பேங்க்குக்கு மதிப்பீடு பண்ற வேலை எப்படி பிடிக்கிறது?

பதில் 1: டிகிரியோட 5 வருஷ அனுபவம் போதும் ப்ரோ, ஆர்விஓ-ல (பதிவு பெற்ற வேல்யூவர்களுக்கான அமைப்பு) மெம்பராகி 50 மணி நேர கோர்ஸ் முடிச்சு ஐபிபிஐ (வேல்யூவர்களைப் பதிவு பண்ற மத்திய அரசு வாரியம்) எக்ஸாம் எழுதுங்க. ஆனா பேங்க் பேனல் (பேங்க் அங்கீகரிச்ச வேல்யூவர் லிஸ்ட்) வேற கதை, ஒவ்வொரு பேங்கா ஏறி இறங்கணும்.

பதில் 2: பேனல் கிடைச்சப்புறம்தான் தலைவலியே. பில்டர் போன் போட்டு "கொஞ்சம் ஏத்தி போடுங்க சார்"ம்பான், லோன் வாராக்கடனாச்சுன்னா மாட்டுறது நாமதான். கைடுலைன் வேல்யூவ (பத்திரப் பதிவுக்கு அரசு வெச்ச மதிப்பு) அப்படியே காப்பி அடிக்காதீங்க, பட்டா, எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) கையில வெச்சுக்கிட்டு நேர்ல போய் நாலு எல்லையும் பாருங்க, நான் ஒருவாட்டி பக்கத்து மனைய அளந்துட்டு வந்தவன் 😄

பதில் 3: பேங்க்க மட்டும் நம்பாதீங்க, பாகப்பிரிவினைக்கு, விசாவுக்கு சொத்து மதிப்பு போடுற வேலையும் நல்லா வரும்.