புதுப்பிப்பு: 'டிக்' சத்தத்தோடு நின்ற பழைய இஸ்வாரா

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஓடும் கார்புரேட்டர் புரோட்டான் இஸ்வாரா கார். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் (எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார்) ஒரு 'டிக்', அவ்வளவுதான், பேட்டரி புதுசு என்று முன்பு கேட்டிருந்தேன். ஸ்டார்ட்டரை மாற்றத்தான் பலரும் சொன்னீர்கள். தேவைப்படவில்லை.

இக்னிஷன் காயிலின் சிறிய ஒயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்னொருவர் சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போதே அளந்தது: பேட்டரி 12.6 வோல்ட்டிலிருந்து 11.5 வரைதான் இறங்கியது. பேட்டரி செத்திருந்தால் 9-க்குக் கீழே போயிருக்கும். பிளஸ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே 0.2 வோல்ட், பரவாயில்லை. மைனஸ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே 6.8! கரண்ட் திரும்பிவரும் அந்தப் பாதையில் 0.3-ஐத் தாண்டக்கூடாது.

ஜம்பர் கேபிள் ஒன்றை மைனஸிலிருந்து நேரே பிளாக்கில் மாட்டியதும் எஞ்சின் விறுவிறுவென்று சுற்றியது. பேட்டரி மைனஸைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் எர்த் ஒயரின் ரப்பரைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடி. தோட்டத்துச் செம்மண் சேறு அந்த முனையில் அப்பி ஈரத்தை விடாமல் வைத்திருந்தது. வெளியே பார்த்தால் நல்ல ஒயர், அதுதான் ஏமாற்று வேலை.

25 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு, மாட்டும் இடத்துப் பெயின்ட்டை வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். இப்போது மைனஸுக்கும் பிளாக்குக்கும் இடையே 0.15 வோல்ட்தான்.

ஆக்சிலரேட்டர் கேபிளையும் தொட்டுப் பாருங்கள். எர்த் கெட்டால் ஸ்டார்ட்டர் கரண்ட் அதன் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகி உறை உருகும். என் காரில் அது லேசாக இறுகியிருக்கிறது, அதுவும் மாற்றணும்.